நான்கு விரல் உயரம்

அனுப்புநர்:
லிஃப்ட் பழுதுபார்ப்பவர் (முதல்நிலை உரிமம், இருபத்தாறு ஆண்டு அனுபவம்),
ரொட்டிக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடி,
பழைய அஞ்சலகத் தெரு.

பெறுநர்:
நல அலுவலர் அவர்கள்,
வெளிநாட்டில் நோயுறும் பயணிகள் பிரிவு,
நம் நாட்டுத் தூதரகம்.

பொருள்: சென்ற மாதம் அங்குள்ள பொது மருத்துவமனையில் தங்கள் முன்னிலையில் நான் இட்ட கையொப்பத்தைத் திரும்பப் பெறுவது, அம்மருத்துவமனையின் இரண்டாம் எண் மின்தூக்கியை உடனே நிறுத்திச் சோதிக்க வேண்டுவது தொடர்பாக.

பார்வை: நான் கையொப்பமிட்ட வாக்குமூலத் தாள் (நகல் இணைப்பில்).

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். தங்களுக்கு என்னை நினைவிருக்கும் என்று நம்புகிறேன். நான்காம் மாடி, ஆண்கள் பிரிவு, சுவரோரக் கட்டில். தாங்கள் வந்த அன்று மழை. நனைந்த குடையை என் கட்டில் காலில் சாய்த்து வைத்துவிட்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். ஐந்து நாளுக்குப் பிறகு என் காதில் விழுந்த முதல் தமிழ் அது. அதைக் கேட்டு நான் அழுததை வலியால் என்று தாங்கள் எண்ணியிருக்கலாம். வலியும் இருந்தது.

2. பொருள் வரியில் மின்தூக்கி என்று எழுதியது அலுவலக மரியாதைக்காக. இருபத்தாறு ஆண்டுகளில் அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னதில்லை. இனி லிஃப்ட் என்றே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். தட்டச்சு செய்து அனுப்பலாம் என்றார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவனும் இதை எழுதுபவனும் ஒரே ஆள்தான் என்று தாங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று கையாலேயே எழுதுகிறேன். அன்றைய கையொப்பம் கொஞ்சம் கோணலாக இருக்கும். புறங்கையில் ஊசி ஏறியிருந்தது.

3. நான் அந்த நாட்டுக்குப் போனது வேலைக்காக அல்ல. என் மனைவியின் தம்பி குளிர்சாதனப் பெட்டிக் கடை வைத்திருக்கிறார். அதிகப் பெட்டி விற்றதற்காக நிறுவனம் அவருக்கு இருவர் போய்வரும் சுற்றுலா ஒன்றைப் பரிசளித்தது. அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. என் மனைவிக்குப் பேருந்தைப் பார்த்தாலே வாந்தி. ஆகவே ஓசிப் பயணம் என் தலையில் விழுந்தது. "அத்தான், வாழ்க்கையில ஒரு தடவையாவது லிஃப்ட்டைப் பாக்காம பத்து நாள் இருங்க" என்று சொல்லித்தான் அழைத்துப் போனார். என் நேரம், அதில் ஏழு நாள் ஒரே லிஃப்ட்டைப் பார்க்கும்படி ஆயிற்று.

4. மூன்றாம் நாள் பேருந்தில் வலது அடிவயிற்றில் வலி கண்டது. முந்தின நாள் ஓட்டலில் அளவு தெரியாமல் சாப்பிட்டதுதான் காரணம் என்றார் மைத்துனர். அவருக்குக் குளிர்பெட்டியின் வயிறு தெரியும், மனித வயிறு தெரியாது. மதியத்துக்குள் நான் இரண்டாக மடிந்துவிட்டேன். வழிகாட்டி பேருந்தை நேராக மருத்துவமனை வாசலுக்கே விடச் சொன்னார். குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டிருந்தது என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்த செய்தி. மைத்துனரும் வழிகாட்டியும் கீழே கடவுச்சீட்டுகளைக் காட்டிக்கொண்டிருக்க, பச்சை அங்கி போட்ட மருத்துவர் ஒரு தாளை என் முகத்துக்கு நேரே பிடித்து ஏதோ கேட்டார். தன் கைபேசியிடம் சொல்லி அதையும் என்னிடம் கேட்க வைத்தார். அது என்னை எந்த நாட்டான் என்று நினைத்ததோ, மூன்றாவதாக ஒரு மொழியில் பேசியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தள்ளிக்கொண்டு போனார்கள். அப்படி எடுத்துக்கொண்டதால்தான் இன்று உயிரோடு இருந்து இதை எழுதுகிறேன். அந்த மருத்துவர்மீதோ, அங்கே எனக்குக் கஞ்சி கொடுத்தவர்கள், துணி மாற்றிவிட்டவர்கள் யார்மீதோ எனக்கு எள்ளளவும் புகார் இல்லை.

5. எங்கள் சுற்றுலாக் கூட்டம் முப்பத்திரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே விசாத் தாள். நோயாளி ஒருவர் பின்தங்கலாம், நல்ல உடம்போடு இருப்பவர் பின்தங்க விதியில்லை என்று சொல்லிவிட்டார்களாம். மறுநாள் காலை மைத்துனர் என் தலைமாட்டில் பல்துலக்கியையும் இரண்டு சட்டைகளையும் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். என் கைபேசியின் சார்ஜர் அந்த ஊர்ச் சுவர்த் துளைக்குள் நுழையவில்லை. அன்று மாலையோடு கைபேசியும் கண்ணை மூடியது. அதன் பிறகு எனக்கும் உலகத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

6. இனி விஷயத்துக்கு வருகிறேன். அறுவை அறை மூன்றாம் மாடியில். என்னைப் படுக்க வைத்தபடி இரண்டாம் எண் லிஃப்ட்டில் ஏற்றினார்கள். மல்லாந்து கிடந்தவனுக்கு லிஃப்ட்டின் கூரைதான் தெரிந்தது. விளக்கு மூடிக்குள் ஓர் ஈ செத்துக் கிடந்தது. லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றது. நின்ற பிறகும் கொஞ்சம் இறங்கியது. தள்ளுவண்டியை வெளியே இழுத்தபோது சக்கரம் தரை விளிம்பில் இடித்து என் வயிற்றில் உயிர் போனது. உயிர் போகிற அந்த நேரத்திலும் என் வாய் "ரெண்டு விரல்" என்று முணுமுணுத்தது. லிஃப்ட்டின் தரைக்கும் கட்டடத்தின் தரைக்கும் இடையே உள்ள உயர வித்தியாசத்தை நாங்கள் விரலை வைத்துத்தான் அளப்போம். விரல் நுழையவே கூடாது. இரண்டு விரல் நுழைந்தால் பிரேக் வழுக்குகிறது என்று பொருள்.

7. அதற்கடுத்த நாட்களை வரிசையாகச் சொல்ல என்னால் இயலாது. காய்ச்சல் இருந்தது. ஜன்னலில் வெளிச்சம் வரும், போகும். விடிகிறதா, மேகம் விலகுகிறதா என்று தெரியாது. வெள்ளைத் திரைகள் தாமாக மூச்சு விட்டன. பக்கத்துக் கட்டில்காரர் யாருடனோ மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார். சற்று நேரம் கழித்து, பேசிக்கொண்டிருந்தது நான்தான் என்று தெரியவரும். என் தலைமாட்டுச் சுவருக்குப் பின்னால் லிஃப்ட் ஓடும் குழி. கூரைக்கு மேலே அதன் இயந்திர அறை. முதலில் ரிலே சுவிட்ச் ஒன்று டக்கென்று விழும். பிறகு மோட்டார் முனகும். கயிறுகள் சுவரை ஒட்டிப் போகும் சரசரப்பு கேட்கும். கடைசியில் பிரேக் பிடிக்கும். நல்ல பிரேக் பிடித்தால் ஒரே ஒரு டப், அத்தோடு முடிந்தது. இது டப்பென்று பிடித்து, ஸ்ஸென்று இழுத்து, மனசில்லாமல் நின்றது. எல்லோரும் எனக்குப் புரியாத பாஷையில் அன்பாகப் பேசிக்கொண்டிருந்த அந்த இடத்தில் எனக்குப் புரிந்த பேச்சு இது ஒன்றுதான். நாள் முழுக்க அது என் பிரேக் தேய்ந்துவிட்டது, என் பிரேக் தேய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நான் படுத்தபடியே சரி, சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

8. அந்தப் பிரிவின் பகல் முறைச் செவிலியரைத் தாங்களும் பார்த்திருக்கிறீர்கள். நெற்றியில் ஒரு முடிக்கற்றை எந்த ஊக்குக்கும் அடங்காமல் விழுந்துகொண்டிருக்கும். அவருடைய பெயர் சட்டையில் குத்திய அட்டையில் இருந்தது. அந்த எழுத்து எனக்கு வாசிக்க வராது. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு நாளில் நாற்பது தடவையாவது அந்த லிஃப்ட்டில் ஏறி இறங்குவார். எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லாததால் எண்ணினேன். வண்டி லிஃப்ட்டை விட்டு வெளியே வரும்போது புட்டிகள் குலுங்கும். அறுவைக்கு மறுநாள் ஒரு சின்னக் கிண். அதற்கடுத்த நாள் அத்தனை புட்டியும் சேர்ந்து அலறின. மூன்றாம் நாள் என்னை எழுப்பி, மருந்து நீர்ப் புட்டி தொங்கும் கம்பியோடு தாழ்வாரத்தில் நடக்கவிட்டபோது நானே பார்த்தேன். அந்தப் பெண் வண்டியின் முன்சக்கரத்தைக் காலால் ஏந்தித் தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். நான்கு விரல் தாராளமாக நுழைந்தது.

9. இதை அவரிடம் தெரிவிக்க நான் எடுத்த முயற்சியையும் பதிவு செய்ய வேண்டும். அங்கே நோயாளியிடம் வலி எவ்வளவு என்று கேட்க ஒரு கையை விரித்துக் காட்டுவார்கள். ஒரு விரல் என்றால் சும்மா. ஐந்து விரல் என்றால் தாங்க முடியாதது. இந்த ஏற்பாடு எனக்குத் தெரியாது. நான் அவரைக் கூப்பிட்டு, லிஃப்ட் பக்கம் கையைக் காட்டி, நான்கு விரலை நிமிர்த்தினேன். அவர் முகம் வாடிவிட்டது. ஓடிப்போய் ஊசி கொண்டுவந்து போட்டார். கண்விழித்ததும் மறுபடியும் நான்கு விரலைக் காட்டினேன். மறுபடியும் ஊசி. இப்படி இரண்டு நாளில் ஐந்து தடவை லிஃப்ட்டைப் பற்றிப் புகார் கொடுத்து ஐந்து தடவையும் தூங்க வைக்கப்பட்டேன். ஊசி போடும்போதெல்லாம் அவர் என் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். அந்தக் கை குளிர்ந்திருக்கும். உண்மையைச் சொன்னால், கடைசி இரண்டு தடவை நான் விரலைக் காட்டியதில் லிஃப்ட்டுக்குப் பாதி, அந்தக் கைக்குப் பாதி.

10. கனவில் கண்டவை (இவற்றைச் சாட்சியமாகக் கொள்ள வேண்டாம்): நான்கு மாடியோடு முடிய வேண்டிய லிஃப்ட் அதற்கு மேலும் போனது. ஐந்தாம் மாடியில் எங்கள் தெரு இருந்தது. ரொட்டிக்கடைக்காரர் சூடான தட்டை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். என் மனைவி ஈரத்துணி வாளியோடு ஏறி, என்னைக் கவனிக்காமல், மொட்டைமாடி என்று சொல்லிவிட்டு நின்றாள். ஆறாம் மாடி முழுக்கத் தண்ணீர். சுற்றுலாக் கூட்டம் முப்பத்தொரு பேரும் பேருந்து இருக்கைகளில் உட்கார்ந்தபடியே அதன்மேல் மிதந்து போனார்கள், மைத்துனர் எனக்குக் கையசைத்தார். ஏழாம் மாடியில் கதவு திறந்தபோது ஒன்றுமே இல்லை, வெளிச்சம் மட்டும். செவிலியர் வண்டியைத் தள்ளிக்கொண்டு அதற்குள் காலை வைக்கப் போனார். தரை நான்கு விரல் கீழே இருந்தது. பிறகு நான்கு அடி. பிறகு தரையே இல்லை. நான் கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்து, எத்தனை என்று கேட்பதற்குக் கையை விரித்துக் காட்டினார். இந்தக் கனவு எனக்கு மூன்று தடவை வந்தது.

11. நனவில் கண்டவை: அறுவை முடிந்த நான்காம் நாள், மதியச் சாப்பாடு முடிந்து பிரிவே உறங்கிக்கொண்டிருந்தது. மருந்து நீர்ப் புட்டியைக் கம்பியிலிருந்து கழற்றி இடது கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு இயந்திர அறைக்கு ஏறினேன். பன்னிரண்டு படிகள். கதவுக்குப் பூட்டில்லை, ஒரு கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். உள்ளே வெதுவெதுப்பாக, கிரீஸ் வாசனையோடு, எனக்குப் பழக்கமான அறை. ஜன்னல் விளிம்பில் இரண்டு புறாக்கள் இருந்தன, நான் வந்ததற்கு அவை ஆச்சரியப்படவில்லை. சொந்த வீட்டுக்குள் வந்ததுபோல எனக்கு இருந்தது. பிரேக்கைப் பார்த்தேன். லைனிங், அதாவது சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் பட்டை, ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ஆணிகளின் தலை வெளியே வந்து, சக்கரத்தில் வட்டமாகக் கீறியிருந்தது. கீழே கறுப்புத் தூள் ஒரு கைப்பிடி. தொட்டேன். அந்தத் தூள் நான் ஊர் வந்து சேரும்வரை என் நகக்கண்ணில் இருந்தது. கனவில் தொட்ட தூள் நகக்கண்ணில் ஒட்டாது ஐயா.

12. எங்கள் தொழிலில் எழுதாத விதிகள் இரண்டு உண்டு. முதலாவது, லிஃப்ட்டை நிறுத்துமுன் குழிக்குள் குனிந்து ஆள் இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்க வேண்டும். இரண்டாவது, மின்சாரத்தை நிறுத்திப் பிடுங்கிய ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கியவனே வைத்துக்கொள்ள வேண்டும். விரல் நீளப் பீங்கான் கட்டைதான் அது. வேலை முடிந்து அவன் கையாலேயே திரும்பப் போட வேண்டும். வேறு யாராவது போட்டால் மேலே வேலை செய்கிறவன் செத்தான் என்று அர்த்தம். இரண்டு விதியையும் நான் அன்று பிசகாமல் பின்பற்றினேன். மோட்டார் நின்றிருந்தது. கயிறு இறங்கும் துளையில் வாயை வைத்து, "உள்ள ஆள் இருக்கீங்களா?" என்று மூன்று தடவை, இடைவெளி விட்டு, உரக்கக் கேட்டேன். பதில் இல்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மெயின் சுவிட்சை இறக்கினேன், ஃபியூஸைப் பிடுங்கினேன். நான் எந்த மொழியில் கேட்டேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

13. உள்ளே ஆள் இருந்தார்கள். தரைத்தளத்தில் அப்போதுதான் கதவு மூடியிருந்தது. அந்தச் செவிலியரும், அவர் சக்கர நாற்காலியில் கூட்டிவந்த இதயநோயாளி முதியவர் ஒருவரும். மேலேயிருந்து யாரோ பாடியது போலக் கேட்டது, பிறகு இருட்டிவிட்டது என்று அந்தப் பெண் சொன்னதாகத் தாங்கள்தான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னீர்கள். நாற்பது நிமிடம் அவர்கள் இருட்டில் இருந்தார்கள். கட்டடத்தின் பராமரிப்பு ஆள் வேறு வளாகத்துக்குப் போயிருந்தார். அந்தக் கதவை இரண்டு நிமிடத்தில் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்காம் மாடியில், ஃபியூஸ் கட்டையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, ஒரு வேலையைச் செய்து முடித்த நிம்மதியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். முதியவருக்கு மூச்சுத் திணறியது. பிறகு தேறிவிட்டார். தேறாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் தினமும் நினைத்துப் பார்க்கிறேன். இந்த நாற்பது நிமிடம் என் குற்றம். இதற்குக் காய்ச்சலைத் துணைக்கு அழைக்க எனக்கு உரிமையில்லை.

14. அன்று மாலையே லிஃப்ட் மறுபடியும் ஓடத் தொடங்கியது. டக், முனகல், சரசரப்பு, டப், ஸ்ஸ். சற்று நேரத்தில் செவிலியர் வந்தார். கதவைத் தட்டித் தட்டி இரண்டு உள்ளங்கையும் கன்றிக் கட்டுப் போட்டிருந்தார். என் முகத்தில் துப்பியிருந்தாலும் நான் துடைத்திருக்க மாட்டேன். அவர் வழக்கம்போல மாத்திரையைக் கொடுத்தார், தண்ணீரைக் கொடுத்தார், கட்டுப் போட்ட கையை விரித்து எத்தனை என்று கேட்டார். நான் போர்வைக்குள் கையை மறைத்துக்கொண்டேன்.

15. நான் புட்டியோடு படி இறங்கியதை யாரோ பார்த்துச் சொல்லியிருந்தார்கள், ஃபியூஸ் கட்டை மட்டும் என் தலையணைக்கடியில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. இரண்டு நாள் கழித்துத் தாங்கள் வந்தீர்கள். வாக்குமூலத் தாளில் இரண்டு வரிகள் இருந்தன. நோயாளி காய்ச்சலில் நினைவு பிறழ்ந்து இதைச் செய்தார் என்பது முதல் வரி. லிஃப்ட்டில் எந்தக் குறையும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறார் என்பது இரண்டாம் வரி. நான் பிரேக்கைப் பற்றிச் சொன்னேன். தாங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல போட்டுட்டா நாளைக்கே விமானம். போடலைன்னா விசாரணை, எத்தனை மாசம்னு எனக்கே தெரியாது" என்றீர்கள். என் நன்மைக்காகவே சொன்னீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. லிஃப்ட் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு கம்பியைச் சுற்றி ஓட்டிவிட்டார்களாம், கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னீர்கள். அந்தச் செய்தி என் போன்றவனுக்கு எப்படி இருக்கும் என்று தாங்கள் அறிய நியாயமில்லை. எனக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது. போட்டுவிட்டேன்.

16. மறுநாள் என் சாமான்களைச் செவிலியர்தான் காகிதப் பையில் எடுத்து வைத்தார். ஊருக்கு வந்து பையைக் கொட்டியபோது, பல்துலக்கிக்குப் பக்கத்தில், பஞ்சில் சுற்றி அந்த ஃபியூஸ் கட்டை இருந்தது. அது எனக்குச் சொந்தம் என்று நினைத்து வைத்தாரா, தெரிந்தே வைத்தாரா, எனக்குத் தெரியாது. என் மனைவி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போனா அவங்கவங்க ஏதாவது வாங்கிட்டு வருவாங்க. நீங்க ஃபியூஸைப் பிடுங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

17. தையல் ஆறிவிட்டது. வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் எங்கே லிஃப்ட் நின்றாலும் நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். மதியம் ஒரு கண் அயர்ந்தால் ஏழாம் மாடி திறக்கிறது. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நடந்ததையெல்லாம் மனைவியிடம் முதல்முறையாக முழுதாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு இன்னும் அதுலதான போய்ட்டு வருது?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மனு அந்தச் சாப்பாட்டு மேசையில் எழுதப்படுவது.

18. நான் தெரிந்துகொண்டதை இப்போது தெளிவாகச் சொல்கிறேன். லிஃப்ட்டில் குறையில்லை என்று ஒரு லிஃப்ட் வேலைக்காரனே எழுதிக் கொடுத்த தாள் அந்த மருத்துவமனைக் கோப்பில் இருக்கிறது. யாராவது ஒருவர் புட்டிகள் குலுங்குவதைப் பற்றிக் கேட்டால் அந்தத் தாளை எடுத்துக் காட்டி வாயை அடைத்துவிடுவார்கள். இருபத்தாறு ஆண்டில் நான் கெடுத்த லிஃப்ட் அது ஒன்றுதான், அதையும் கையெழுத்தால் கெடுத்தேன்.

19. இரண்டாம் வரியைத் திரும்பப் பெற்றால் முதல் வரியும் கூடவே போய்விடும் என்று மைத்துனர் எச்சரிக்கிறார். பிரேக் தேய்ந்தது உண்மை என்றால் நான் புத்தி தெளிந்துதான் மேலே போனேன் என்றாகிவிடும். புத்தி தெளிந்து போனவன்மீது வழக்குப் போடலாம். அங்கே வழக்கு வந்தால் இங்கே உரிமம் போகும். எனக்கு வேறு தொழில் தெரியாது. யோசித்துப் பார்த்தேன். காய்ச்சல் இருந்தது உண்மை. ஆனால் படி ஏறியது காய்ச்சல் அல்ல, நான்தான். ஆகவே இரண்டு வரியையும் திரும்பப் பெறுகிறேன். அதனால் வருவதை ஏற்றுக்கொள்கிறேன்.

20. இதற்குச் சாட்சி உண்டா என்று கேட்பார்கள். உண்டு. தாங்கள் என்னைப் பார்க்க வந்த அன்று இரண்டாம் எண் லிஃப்ட்டில்தான் வந்தீர்கள். சுவர் வழியாகத் தங்கள் வருகையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிரிவின் கதவு திறந்திருந்ததால் கண்ணாலும் பார்த்தேன். லிஃப்ட்டை விட்டு வெளியே வரும்போது தங்கள் வலது கால் விளிம்பில் தடுக்கியது. விழாமல் குடையை ஊன்றிச் சமாளித்துக்கொண்டீர்கள். யாரும் பார்த்துவிட்டார்களா என்று இரு பக்கமும் திரும்பிப் பார்த்தீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பெரியவர்கள் தடுமாறும்போது பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். இன்று அதை எழுத வேண்டி வந்ததற்கு மன்னிக்க வேண்டும். தங்களைத் தடுக்கியது நான்கு விரல் உயரம். இப்போது எத்தனை விரல் என்று எனக்குத் தெரியாது.

21. எனவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது:

(அ) என் கையொப்பத்தைத் திரும்பப் பெற்ற செய்தியை இம்மனுவின் மொழிபெயர்ப்போடு மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் நேரில் சேர்ப்பிக்க வேண்டும்.

(ஆ) லைனிங் மாற்றும்வரை அந்த லிஃப்ட்டை நிறுத்திவைக்கச் சொல்ல வேண்டும். ஃபியூஸ் இடத்தில் சுற்றிய கம்பியையும் எடுக்கச் சொல்ல வேண்டும். அரை நாள் வேலைதான். நிறுத்துமுன் உள்ளே ஆள் இருக்கிறதா என்று அவர்கள் பாஷையில் கேட்கச் சொல்ல வேண்டும்.

(இ) விசாரணை உண்டென்றால் எனக்கு ஒரு கடிதம் போட்டால் போதும், சொந்தச் செலவில் வந்து நிற்கிறேன். அந்த முதியவரையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

22. இம்மனு மேசை மேசையாக நகர நாளாகும் என்பது எனக்குத் தெரியும். அலுவலக நடைமுறையைக் குறை சொல்லவில்லை. அதுவரைக்கும் ஒரே ஒரு சிறு உதவி. இன்றோ நாளையோ தாங்கள் அந்தப் பக்கம் போனால், படியேறி நான்காம் மாடிக்குப் போய், நெற்றியில் முடி விழும் அந்தச் செவிலியரைக் கூப்பிட்டு, லிஃப்ட் வாசலுக்குக் கூட்டிவாருங்கள். பேச வேண்டியதில்லை. குனிந்து, தரைக்கும் தரைக்கும் நடுவில் தங்கள் நான்கு விரலை வையுங்கள். பிறகு நான் கிடந்த கட்டிலைக் காட்டுங்கள். அவருக்குப் புரிந்துவிடும். புரிந்த பிறகு அவர் படிக்கட்டில் போய்வரட்டும்.

இணைப்புகள்: 1. வாக்குமூலத் தாளின் நகல். 2. பிரேக்கின் படம் (நான் வரைந்தது, தேய்ந்த பக்கம் சிவப்பில்). 3. என் உரிமத்தின் நகல். ஃபியூஸ் கட்டை இத்துடன் இணைக்கப்படவில்லை. வேலை முடிந்த செய்தி வந்ததும் நேரில் வந்து என் கையால் போடப்படும்.

இடம்: வீடு, சாப்பாட்டு மேசை
நாள்: ஊர் திரும்பிய இருபத்து மூன்றாம் நாள், காலை

இப்படிக்கு,
காய்ச்சல் ஏதுமின்றி, முழு நினைவோடு,

(ஒப்பம்)
லிஃப்ட் பழுதுபார்ப்பவர்